கூரை மாற்றிய செலவில் கடைக்காரர் பங்கு தர வேண்டுமா?

உங்கள் வாடகைக் கடை இருக்கும் கட்டடத்தின் உரிமையாளர், கூரையைப் புதிதாக மாற்றிய செலவில் பங்கு கேட்டு அனுப்பிய பில்லை அப்படியே கட்டிவிடாதீர்கள். கூரையில் ஒழுகலை அடைப்பது பராமரிப்பு. கூரையையே மாற்றுவது பொதுவாக மூலதனச் செலவு, அதாவது கட்டடத்துக்குப் பல ஆண்டுகள் பயன்தரும் முதலீடு. பல ஒப்பந்தங்கள் இதைப் பொதுப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து விலக்கிவைக்கின்றன. உங்களுடையதில் அந்த விலக்கு எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கலாம். அந்தப் பிரிவை வரி விடாமல் படியுங்கள்.

பங்கு விகிதத்தையும் சரிபாருங்கள். கட்டடம் 10,000 சதுர அடி, உங்கள் கடை 500 என்றால் 5 சதவீதம். காலிக் கடைகளைக் கழித்து 8,000-ஆல் வகுத்திருந்தால் 6.25 ஆகிவிடும். யாரும் இல்லாத இடத்துக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? ரசீதுகளை எழுத்து மூலம் கேளுங்கள்.

ஆனால் கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். ஆட்சேபம் தெரிவிக்க ஒப்பந்தத்தில் கெடு இருந்தால், அதற்குள் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.