விக்டோரினாக்ஸ் மாதிரி பிராண்ட் பாக்கெட் கத்திக்கு அவ்ளோ காசு கொடுக்குறது ஒர்த்தா?

நீங்க கேள்வியில "டெய்லி பாக்கெட்ல வச்சுக்க"ன்னு போட்டிருக்கறத பாத்தா ஆபீஸ் வேலையில இருக்கறவர்னு தோணுது. பார்சல் பிரிக்கணும், ட்ரெயின்ல போறப்ப ஒரு கொய்யா நறுக்கணும், எப்பவாச்சும் லூசான ஸ்க்ரூ ஒண்ணு டைட் பண்ணணும், அவ்ளோதான் உங்க தேவை. தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்கும் கத்தி வேணும்தான். ஆனா உங்களுக்கு ஏற்கனவே பதில் சொன்ன ஒருத்தர் "கத்தின்னா கத்திதான், சந்தையில அம்பது ரூபாய்க்கு கிடைக்கறதும் வெட்டும், மிச்சமெல்லாம் சிவப்புக் கலருக்கும் சிலுவைக்கும் கொடுக்கற காசு"ன்னு எழுதியிருக்காரு பாருங்க, அதைப் படிச்சுட்டு சும்மா போக முடியல. விக்டோரினாக்ஸ்ங்கற சுவிஸ் கம்பெனிக் கத்தியோட சிவப்புப் பிடியில வெள்ளை சிலுவை போட்டிருக்கும், அதைத்தான் சொல்றாரு. எங்க குடும்பமே சோறு திங்கறது கத்தியாலதான்.

ரவுடின்னு நினைச்சுடாதீங்க. கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம், மாங்கன்னு நர்சரி. எங்க ஏரியாவுல ரோட்டுல போனீங்கன்னா ரெண்டு பக்கமும் நர்சரி போர்டா இருக்கும். தாத்தா காலத்துலேர்ந்து ஒட்டு கட்டறோம்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். கொட்டை போட்டு முளைக்க வச்ச நாட்டுக்கன்னோட தலையை வெட்டிட்டு, தண்டை நடுவுல பிளந்து, அதுக்குள்ள நல்ல ஜாதி மரத்துக் குச்சியோட அடியை ரெண்டு பக்கமும் ஆப்பா சீவி சொருகி, பாலிதீன் நாடாவால இறுக்கிக் கட்டணும். கேக்கறதுக்கு ஈசி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல மெல்லிசா பச்சையா ஒரு படலம் இருக்கு, அதுதான் உயிர். கன்னோட படலமும் குச்சியோட படலமும் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்காந்தாதான் ஒட்டு பிடிக்கும். நடுவுல முடி நுழையற அளவு சந்து இருந்தாலும் காத்து போய் காஞ்சிடும், இல்ல தண்ணி இறங்கி அழுகிடும். அதனால சீவற சீவல் ஒரே இழுப்புல வரணும். நல்ல கத்தியில சீவின குச்சி ஈரமா பளபளன்னு இருக்கும், வரி வரியா கோடு தெரியாது. எங்கப்பா புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல்ல கத்துக் கொடுக்கறது என்னன்னா, சீவின முகத்து மேல கத்தியோட முதுகை ஒட்ட வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாரு, நடுவுல வெளிச்சம் கசிஞ்சா அந்தக் குச்சியை தூக்கிப் போட்டுடு, கட்டி வேஸ்ட் பண்ணாத.

எங்கப்பாகிட்ட இருந்த கத்தி பட்டறையில அடிச்சது. லாரியோட ஸ்பிரிங் பட்டையை வெட்டி, அதை சூடு பண்ணி அடிச்சு கொடுப்பாங்க. அதை மட்டமா பேச மாட்டேன், ஸ்பிரிங் பட்டை நல்ல இரும்பு, திருப்பாச்சி அருவா மாதிரி பேர் வாங்கின நம்ம ஊர் கைவேலைக்கு நான் எதிரி கிடையாது, அதனால "சுதேசி தெரியாதவன்"னு ஆரம்பிக்காதீங்க. பிரச்சனை என்னன்னா பதம். இரும்பை பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கறப்ப கலரைக் கண்ணால பாத்துதான் ஆசாரி முடிவு பண்ணுவாரு. ஒரு கத்தி அப்படியே வைரம் மாதிரி நிக்கும், அதே ஆள் அதே நாள்ல அடிச்ச இன்னொண்ணு மதியத்துக்குள்ள மழுங்கிடும், மூணாவது ஒண்ணு கல்லுல தீட்டறப்பவே முனை பொத்துனு உதிரும். எது எதுன்னு வாங்கறப்ப தெரியாது. அப்பா வாங்கிட்டு வந்து வேலை செஞ்சு பாத்து, நல்லதை தனியா துணியில சுத்தி வச்சுப்பாரு, அதை யாரும் தொடக்கூடாது. பிராண்ட் கத்திக்கு நீங்க கொடுக்கற காசுல பெரும்பங்கு இதுக்குத்தான்னு நான் சொல்லுவேன். பத்து வாங்கினா பத்தும் ஒரே பதத்துல இருக்கும்.

விக்டோரினாக்ஸ்காரன் இதை நம்பர் போட்டே செய்றான். ராக்வெல்னா இரும்போட கடினத்தை அளக்கற அளவு, நம்பர் ஏறினா கடினம் ஜாஸ்தி. வெட்டற பிளேடுக்கு 56 ராக்வெல் கடினம், கத்தரிக்கோலுக்கும் ரம்பத்துக்கும் 53, ஸ்க்ரூடிரைவர் டப்பா திறக்கறதுக்கு 52, கார்க் எடுக்கற சுருளுக்கும் உள்ள இருக்கற ஸ்பிரிங்குக்கும் 49. ஒவ்வொண்ணுக்கும் அது செய்ற வேலைக்கு ஏத்த பதம். ஸ்க்ரூடிரைவர் பிளேடு மாதிரி கட்டியா இருந்தா திருகறப்ப முனை தெறிச்சுடும், பிளேடு ஸ்பிரிங் மாதிரி இருந்தா வெட்டாது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மிச்ச விலை கணக்கு தானா புரியும்.

"56 எல்லாம் ஒரு கடினமா, அமெரிக்கா கத்தியெல்லாம் அறுபது"ன்னு ஒருத்தர் வருவாரு, வரட்டும். ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட் மாதிரி கம்பெனிக்காரங்க எஸ்30வி மாதிரி பவுடர் ஸ்டீல்ல கத்தி போடறாங்க, கூர் ரொம்ப நாள் நிக்கும், ஒத்துக்கறேன். மழுங்கினப்புறம் என்ன பண்ணுவீங்க? அதுல வனேடியம் கார்பைடுன்னு ரொம்பக் கட்டியான துகள் அவ்ளோ இருக்கு, நம்ம வீட்டு சாணைக்கல்லுல தேய்ச்சா கல்லுதான் தேயும், டைமண்ட் தகடு வாங்கணும். 56 பதம் சாதாரண கல்லுல அஞ்சு நிமிஷத்துல கூர் ஏறும். தினமும் வேலை செய்றவனுக்கு அதுதான் வேணும். அப்புறம் அந்தக் கத்திங்க பிளேடெல்லாம் தடிமன், குச்சிக்குள்ள இறங்காது, பிளக்கும்.

இப்ப நம்ம கதை. நான் பெங்களூருல ஒரு தோட்டக்கலை சாமான் கடையிலதான் விக்டோரினாக்ஸோட ஒட்டுக் கத்தி வாங்கினேன், அந்த சிவப்புல முப்பது சாமான் வச்சது இல்ல, ஒரு பிளேடும் பட்டையை நெம்பறதுக்கு ஒரு நாக்கும் மட்டும் இருக்கற மடக்குக் கத்தி. வீட்டுக்கு கொண்டு வந்ததும் அப்பா விலையைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, அம்மாதான் "இந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கலாம்"னு ஒரு வாரம் சொல்லிட்டே இருந்தாங்க. எங்ககிட்ட ஒட்டு கட்டற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, என்னை சின்னப் பையனா இருந்தப்பலேர்ந்து பாத்தவங்க, அவங்க ஷேவிங் பிளேடை ரெண்டா உடைச்சு பாதியை கையில வச்சுக்கிட்டு உக்காருவாங்க, நான் ஒரு கன்னு முடிக்கறதுக்குள்ள அவங்க மூணு முடிப்பாங்க. "என்னா தம்பி, சீமைக் கத்தி கண்ணாடி பாக்கறதுக்கா?"ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வச்சாங்க. உண்மையைச் சொல்லணும்னா கொட்டை முளைச்சு ரெண்டு வாரம்கூட ஆகாத, தண்டு இன்னும் செம்பு நிறத்துல இருக்கற இளங்கன்னுக்கு ரெண்டு ரூபா பிளேடை அடிச்சுக்க எந்தக் கம்பெனிக் கத்தியாலயும் முடியாது. மழுங்கினா தூக்கிப் போட்டு அடுத்ததை எடு, தீட்டற வேலையே இல்ல. அதனால நர்சரிக்காரன் எல்லாரும் காஸ்ட்லி கத்தி வாங்கணும்னு நான் சொன்னேன்னு எடுத்துக்காதீங்க.

கதை மாறினது தோப்புல. எங்க பக்கம் பெங்களூரா மாம்பழம்தான் அதிகம், கூழ் ஃபேக்டரிக்குப் போறது. அதோட விலை விழற வருஷமெல்லாம் தோப்புக்காரங்க வேற ஜாதிக்கு மாத்தணும்னு கிளம்புவாங்க. மரத்தை வேரோட எடுக்க மாட்டாங்க, கிளையை வெட்டி மொட்டையா விட்டு, புதுத் துளிர் வந்து விரல் கனம் ஆனதும் அது மேல இமாம் பசந்தோ பங்கனப்பள்ளியோ ஒட்டு கட்டச் சொல்லுவாங்க. அந்த வேலையை ஒரு தோப்புல எடுத்தோம். அந்தக் கனத்துக்கு பிளேடு ஆகல. அழுத்தினா பிளேடு வளையுது, வளைஞ்சா சீவின முகம் குழிவா வருது, முதுகை வச்சுப் பாத்தா நடுவுல வெளிச்சம். அக்கா கையில பிளேடு உடைஞ்சு விரலையும் கிழிச்சிடுச்சு. பட்டறைக் கத்தி சீவுது, ஆனா மாம்பால் பட்டுப் பட்டு கருத்துப்போய், அந்தக் கருப்பு சீவின முகத்துலயும் ஒட்டுது, துடைச்சுத் துடைச்சு முடியல. மாம்பால் கையில பட்டாலே புண்ணாகும், இரும்பை சும்மா விடுமா. என் கத்தி ஸ்டெயின்லெஸ், துணியால ஒரு துடை, அடுத்த குச்சி. மத்தியானம் சாப்பிட உக்காந்தப்ப அக்கா கட்டுப் போட்ட கையை நீட்டி, "அதை இங்க கொடு தம்பி"ன்னாங்க. அன்னிக்கு கொடுத்ததுதான், அந்தக் கத்தி இன்னி வரைக்கும் அவங்க மடியிலதான் இருக்கு, நான் எனக்கு வேற வாங்கிக்கிட்டேன். அம்மா இப்ப ஆட்டுக்குட்டி பேச்சை எடுக்கறதில்ல.

ஜெர்மனியில ராய்ட்லிங்கன்ல டீனான்னு ஒரு கம்பெனி 1854-லேர்ந்து தோட்டக் கத்தி செய்றான், ஒட்டு கட்டறவங்க அதைத்தான் தலைமேல தூக்கி வச்சுப் பேசுவாங்க. கூர் பிரமாதம்தான், ஆனா அது கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் இல்ல, மாம்பாலுக்கு முன்னாடி பட்டறைக் கத்திக்கு வந்த அதே தலைவலி. ஆப்பிளுக்கும் ரோஜாவுக்கும் சரி.

அப்ப எல்லா விக்டோரினாக்ஸும் ஒர்த்தான்னா, இல்ல. என் மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து வர்றப்ப ஸ்விஸ் சேம்ப் கொண்டு வந்து கொடுத்தாரு. 33 வேலை செய்யுமாம், மீன் செதில் எடுக்கறதுக்கு ஒண்ணு, பூதக்கண்ணாடி ஒண்ணு. 185 கிராம், வேட்டி மடிப்புல வச்சா வேட்டி இறங்குது. பீரோவுல இருக்கு, பசங்க பூதக்கண்ணாடியில எறும்பு பாக்கறாங்க. மச்சான் இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க. சாமான் கூடக்கூட விலை ஏறுது, ஆனா வெட்டற பிளேடு அதே ஸ்டீல், அதே பதம். அதனால உங்க தேவைக்கு விக்டோரினாக்ஸ்லயே ஸ்பார்ட்டன்கற மாடல் போதும், கத்தரிக்கோல் வேணும்னா கிளைம்பர். அதுக்கு மேல போறது ஆசைக்கு, ஆசைக்குன்னு தெரிஞ்சு வாங்கினா நான் ஏன் தடுக்கப்போறேன்.

இன்னொருத்தர் "சுவிஸ்லயே செஞ்சாதான் ஒரிஜினல்"னு ரொம்ப பீத்திக்கிட்டாரு. அவருக்கு ஒரு தகவல். விக்டோரினாக்ஸை ஆரம்பிச்ச கார்ல் எல்ஸ்னர் 1884-ல சுவிஸ்ல ஈபாக் ஊர்ல பட்டறை போட்டாரு, ஆனா சுவிஸ் ராணுவத்துக்கு முதல் முதலா போன சிப்பாய் கத்தி ஜெர்மனி சோலிங்கன்ல செஞ்சது, அவ்ளோ எண்ணிக்கையில செய்ய சுவிஸ்ல அப்ப வசதி இல்ல. 1891-லதான் எல்ஸ்னர் ஆளுங்க சப்ளை ஆரம்பிச்சாங்க. நாம இப்ப வாங்கற சிவப்புக் கத்தியோட மூதாதை 1897-ல பதிவு பண்ண ஆபீசர் கத்தி, அதை ராணுவம் கொடுக்கவே இல்ல, ஆபீசருங்க சொந்தக் காசுல வாங்கினாங்க. ஊர் பேருக்காக வாங்காதீங்க, பதத்துக்காக வாங்குங்க.

இவ்ளோ பேசறப்ப ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், பொறுத்துக்கோங்க. கத்திக்கு ஆயிரக்கணக்குல கொடுக்க யோசிக்கறதாச்சும் நியாயம். கார்ல வந்து இறங்கி, ஒட்டுக்கன்னுக்கு பத்து ரூபா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிக்கறாங்க. சரி குறைச்சுக் கொடுத்தா, கொண்டு போய் நட்டுட்டு திரும்பிப் பாக்கறதில்ல. ஒட்டுக்குக் கீழ நாட்டுக்கன்னு துளிர் விடும், அதைக் கிள்ளிடுங்கன்னு வாய் வலிக்க சொல்லி அனுப்பறோம். கிள்ள மாட்டாங்க. அந்தத் துளிர் வேகமா வளந்து மேல இருக்கற நல்ல ஜாதியை அமுக்கிடும். நாலஞ்சு வருஷம் கழிச்சு காய்ச்சா புளிப்பா நார் நாரா நாட்டுக்காய். உடனே போன், "ஏமாத்திட்டியே, இமாம் பசந்துன்னு சொல்லி கொட்டைக்கன்னைக் கொடுத்துட்டியே"ன்னு. ஒருத்தர் ஊர்க்காரங்க முன்னாடியே வந்து கத்தினாரு. போட்டோ அனுப்புங்கன்னு கேட்டா, ஒட்டுத் தழும்புக்குக் கீழேர்ந்து தொடை தண்டிக்கு கிளை நிக்குது, மேல நாங்க கட்டின குச்சி விறகா காஞ்சு நிக்குது. இதுக்கு எந்தக் கத்தியும் பொறுப்பில்ல சார்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். வாங்கறதா இருந்தா போலி இல்லைன்னு பாத்து வாங்குங்க, ஆன்லைன்ல ரொம்ப சல்லிசா இருந்தா தொடாதீங்க. பெரிய பிளேடோட அடியில கம்பெனி பேர் பதிச்சிருக்கும், திறந்து மூடறப்ப டக்குனு உக்காரணும், ஆடக்கூடாது. வெங்கர்னு பேர் போட்ட பழைய கத்தி கிடைச்சா போலின்னு தள்ளிடாதீங்க, அவனும் சுவிஸ் ராணுவத்துக்கு கொடுத்தவன்தான், 2005-ல விக்டோரினாக்ஸ் அவனை வாங்கிட்டான். ஆயுசு முழுக்க வாரன்டின்னு போட்டிருப்பான், அது செய்முறைக் குறைக்கும் ஸ்டீல் குறைக்கும்தான், தேஞ்சதுக்கும் நீங்க நெம்பி உடைச்சதுக்கும் இல்ல. சாணை பிடிக்கறவர்கிட்ட கொடுக்கவே கொடுக்காதீங்க, அந்தச் சக்கரத்துல பொறி பறக்கற சூட்டுல நீங்க காசு கொடுத்து வாங்கின பதமே போயிடும், ஒரு கல்லு வாங்கி தண்ணி தெளிச்சு நீங்களே தேயுங்க. ஃப்ளைட்ல போனா கைப்பையில வைக்காதீங்க, செக்கின்ல போடுங்க, செக்யூரிட்டி டப்பாவுல போட்டா திரும்ப வராது.

எந்த மாடல் பாக்கறீங்கன்னு கீழ சொன்னா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒட்டுக்கன்னு என்ன விலைன்னு மட்டும் யாரும் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, நேர்ல வாங்க, பத்து ரூபா குறைக்க மாட்டேன்.