துளசிக்குத் தங்கை

கேள்வி: தொட்டியில் இருக்கும் திருநீற்றுப்பச்சிலையைத் துளசி என்று நினைத்துத் தினமும் சுற்றி வந்தேன். தவறா?

பதில்: சுற்றுங்கள், கோபித்துக்கொள்ளாது! துளசிக்கு அது ஒன்றுவிட்ட தங்கைதான். என் மாமியார் சாமி படத்துக்குக் கதம்பம் கட்டும்போது நாலு பூவுக்கு ஒரு கொத்து இதை வைப்பார். பூ வாடினாலும் பூஜையறை மணக்கும். கதிர் காய்ந்ததும் உள்ளங்கையில் கசக்கி ஊதினால் எள்ளைவிடப் பொடியாகக் கறுப்பு விதை நிற்கும். கடையில் சப்ஜா என்று காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். ஒரு ஸ்பூன் எடுத்துக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் வெள்ளைச் சவ்வு கட்டி உப்பும். நன்னாரி சர்பத்தில் கலந்தால் வெயிலுக்கு இதம். ஊறாமல் மட்டும் விழுங்காதீர்கள், தொண்டையை அடைக்கும். முகப்பருவுக்கு இலைச்சாறு தடவுவார்கள். எனக்கு எரிந்தது, விட்டுவிட்டேன்.