பாட்டியின் பச்சைச் சொற்களை விடலாமா?

ஊர்ப் பேச்சைத் தொகுக்கிறேன், பாட்டி சொன்ன பச்சையான சொற்களை விட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். 1928இல் முடிந்த ஆக்ஸ்போர்டு அகராதியும் இப்படித்தான் இரண்டு சொற்களை ஒதுக்கியது; 1972 இணைப்புத் தொகுதியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

பொருள் மட்டும் எழுதினால் போதாது. யார், யாரிடம், எங்கே சொல்வார்கள் என்றும் குறியுங்கள். மதினி கொழுந்தனிடம் சொன்னால் கேலி. அதையே அயலான் சொன்னால் அடிதடி. நடவு வயலில் பெண்கள் சிரித்துக்கொண்டே பாடுவது திண்ணையில் வாயில் வராது. அப்புறம், மறைத்துச் சொல்வதையும் சேருங்கள்: ‘முழுகாமல் இருக்கிறாள்’ மாதிரி. நன்னூலே இடக்கரடக்கலுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் படிப்பார்களே என்கிறீர்கள். சரி, தனிப் பின்னிணைப்பாக வையுங்கள். சொன்னவர் பெயரைப் போடாமல் ஊரும் வயதும் மட்டும் போடுங்கள்.