இருக்கை லிஃப்டில் ஏறலாமா? குல்மார்க் செல்லும் குடும்பத்துக்கு ஒரு பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அரையாண்டு விடுமுறையில் ஆறு வயது மகனையும் 68 வயது மாமியாரையும் அழைத்துக்கொண்டு காஷ்மீரின் குல்மார்க் செல்ல முன்பதிவு செய்துவிட்டோம். வடத்தில் தொங்கும் திறந்த இருக்கைகளில் மலையேற்றும் இருக்கை லிஃப்ட் ஒன்று பின்னோக்கி ஓடி ஆட்களைத் தூக்கியெறியும் காணொளியை உறவினர் குழுவில் பகிர்ந்துவிட்டு, காசு கொடுத்து எமனைத் தேடிப் போவானேன் என்கிறார் பெரியப்பா. ஏறலாமா? ஏறினால் எதைக் கவனிக்க வேண்டும்?"

ஏறலாம். ஆனால் எதில், எப்போது, யார் ஏறுவது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் காட்சி, 2018 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டின் குடவுரி என்ற பனிச்சறுக்குத் தலத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். அதில் பலர் காயமடைந்தார்கள், எவரும் இறக்கவில்லை. மேட்டில் ஆட்களைச் சுமந்திருக்கும் வடம், பிடிமானம் போனால் அந்தச் சுமையாலேயே கீழ்நோக்கி ஓடத் தொடங்கும். அதனால்தான் வழக்கமான பிரேக், அவசர பிரேக், பின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தடைகளை வைக்கிறார்கள். பாடலீஸ்வரர் தேர் ஓடும்போது வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தோடு நடந்து முட்டுக்கட்டை போடுபவரைப் பார்ப்பதில்லை. லிஃப்டிலும் உயிர் அந்த முட்டுக்கட்டைக்காரர் கையில்தான் இருக்கிறது.

வடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பாரந்தூக்கிகளின் கம்பிவடங்களைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வடத்தை மெதுவாக ஓடவிட்டு அதன்மேல் காட்டன் வேஸ்டை, அதாவது பஞ்சுக் கழிவைப் பிடிப்போம். புரியில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் சிக்கி, வெள்ளைக் குஞ்சம்போல் ஒட்டிக்கொண்டு போகும். குஞ்சங்களை எண்ணி, ஒரு அளவைத் தாண்டினால் வடத்தையே மாற்றுவோம். உள்ளே மறைந்திருக்கும் முறிவைக் காந்தமுறைச் சோதனை காட்டிவிடும். இவை எல்லாவற்றுக்கும் வழக்கமான ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். பழனி ரோப்கார் ஆண்டுதோறும் பல நாட்கள் பராமரிப்புக்காக நிற்கும்போது பக்தர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கோ அந்த அறிவிப்பைப் படித்தால்தான் ஏறவே துணிவு வருகிறது.

பெரிய விபத்துகளைக் கூர்ந்து பார்த்தால், நிறுத்த மனமில்லாமைதான் பலவற்றில் தென்படுகிறது. இத்தாலியின் மொத்தரோனே மலையில் கேபிள் காரின் அவசர பிரேக் அடிக்கடி தானாகப் பிடித்துக்கொண்டதால், சேவை தடைபடக் கூடாதென்று அதைப் பிடிக்கவிடாமல் கவ்வி மாட்டி ஓட்டினார்கள். 2021 மே 23 அன்று பெட்டியை இழுக்கும் வடம் அறுந்தபோது, பிரேக் பிடிக்காமல் 14 பேர் இறந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். குல்மார்க்கிலேயே 2017 ஜூன் 25 அன்று, பலத்த காற்றில் மரமொன்று சாய்ந்து வடத்தின்மேல் விழ, கேபிள் கார் பெட்டியிலிருந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் எழும் கேள்வி "இவர்கள் ஏன் அங்கே போனார்கள்?" என்பதுதான். 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று காலையில் கடல் பொங்கிய பிறகு, விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்து மாண்டவர்களைப் பற்றி நம் ஊரிலேயே அப்படிப் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். கொடுமைக்காக அப்படிச் சொல்வதில்லை. நாம் போகவில்லை, நமக்கு வராது என்று மனம் தேடிக்கொள்ளும் ஆறுதல் அது. அதன் கேடு என்னவென்றால், அந்தக் காற்றில் ஏன் ஓட்டினீர்கள், கடைசியாகச் சோதித்தது எப்போது என்று ஓட்டியவரைக் கேட்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பெரியப்பாவின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கேள்வியைப் பயணச்சீட்டுக் கவுன்டரில் கேளுங்கள்.

நம் பங்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2001 முதல் 2012 வரை இருக்கை லிஃப்டிலிருந்து மனிதர்கள் விழுந்த 227 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, 86 விழுக்காடு பயணியின் செயலாலேயே நேர்ந்திருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே மாமியாருக்கும் சிறுவனுக்கும் மூடிய பெட்டியான கோண்டோலாவே ஏற்றது. குல்மார்க் ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு கட்டமாக ஏறும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். காற்று மெலிந்த அந்த உயரத்துக்கு, மூச்சிரைப்போ இதய நோயோ உள்ள பெரியவர்களை மருத்துவரைக் கேட்காமல் அழைத்துச் செல்ல வேண்டாம். முதல் கட்டத்தோடு இறங்கிவிடுங்கள், வழக்கமாக அங்கேயே பனி கிடைக்கும். காற்றுக்காக நிறுத்தியிருந்தால் ஊழியரோடு சண்டையிடாதீர்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியபின் படகு கேட்டு நிற்போமா? 2011இல் தானே புயலைப் பார்த்த ஊர் நம்முடையது.

நீங்களும் கணவரும் இருக்கை லிஃப்டில் ஏறுவதானால், முதுகுப்பையைக் கழற்றி மடியில் வையுங்கள். துப்பட்டாவையும் சால்வையையும் ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள், பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான். அமர்ந்தவுடன் தடுப்புக் கம்பியை இறக்குங்கள். ஏறும்போது வழுக்கினால் இருக்கையைப் பற்றித் தொங்காமல் தரையோடு படுத்துவிடுங்கள். தொங்கியவர்கள்தாம் உயரத்திலிருந்து விழுகிறார்கள். நடுவழியில் நின்றுபோனால் குதிக்க வேண்டாம், மீட்பவர்கள் வரும்வரை குளிரைத் தாங்கக் கையுறையும் காதுமூடியும் வேண்டும்.

மகன் அடம்பிடித்து அவனையும் இருக்கை லிஃப்டில் ஏற்றுவதென்றால், ஊழியரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு அவனைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்த்துங்கள். புறப்படுமுன் வீட்டு ஊஞ்சலிலேயே நான்கு நாள் பழக்கலாம்: ஊஞ்சலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, மெதுவாகத் தள்ளி, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி அது முழங்காலின் பின்புறத்தைத் தொட்டவுடன் உட்காரவும், முதுகு பின்பலகையில் படும்வரை நகர்ந்துகொள்ளவும் சொல்லிக்கொடுங்கள்.