அப்பாவோடு துர்துக் போகலாமா?

வணக்கம் நண்பரே. லடாக்கில் லே நகரில் விமானம் இறங்கிய மறுநாளே 68 வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு, பாகிஸ்தான் எல்லையோரக் கிராமமான துர்துக் கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். துர்துக் சுமார் 3,000 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. ஆனால் நடுவில் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். உடம்பு உயரத்துக்குப் பழக, லேயில் இரண்டு நாளாவது சும்மா இருந்துவிட்டுக் கிளம்புங்கள். ஊரிலேயே டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

போனால் ராத்திரி அங்கேயே தங்குங்கள். அன்றே திரும்பினால் முதுகுவலிதான் மிச்சம். வண்டி கீழே நின்றுவிடும். வீடுகளுக்கு ஏறித்தான் போகணும், அப்பாவுக்கு ஒரு கைத்தடி இருக்கட்டும். மலையடிவாரத்தில் கல்லடுக்கிய சிறு அறைகள் இருக்கும், பாருங்கள். கல்லிடுக்கில் வரும் குளிர்காற்றில் வெண்ணெயும் இறைச்சியும் கோடையிலும் கெடாது. கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ்!

அப்பா பழைய பட்டாளத்துக்காரர், சண்டைக் கதை கேட்க ஆசை என்றீர்களே, அங்கேதான் நிதானம் வேண்டும். 1971 டிசம்பர் வரை துர்துக் பாகிஸ்தான் வசம் இருந்தது; பால்டி இன மக்களின் கிராமம். மேஜர் செவாங் ரிஞ்சன் தலைமையில் நம் படை பிடித்தது. அதற்காக அவருக்கு இரண்டாவது முறையாக மகாவீர் சக்கரம் என்ற வீர விருது. நமக்கு அது வெற்றி. அங்கே பல வீடுகளில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று ஆகிப்போனது. ஊர்க்காரர்களாகப் பேச்செடுத்தால் அப்பா கேட்கட்டும்.

ராணுவச் சாவடி, பாலம் எதையும் படமெடுக்காதீர்கள். நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ஆப்ரிகாட் பழம் வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட்.