கரியமில வாயு கூடினால் புல் செழிக்கும் என்றால், புவி வெப்பமடைவது புல்வெளிகளுக்கு நன்மைதானே?

கேள்வியின் முதல் பாதி பள்ளிப் பாடத்தில் வருவதுதான். ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அது கூடினால் செடி கூடுதலாக உணவு தயாரிக்கும். அதில் பிழையில்லை. ஆனால் புல்வெளியின் கணக்கு இலையோடு முடிந்துவிடுவதில்லை. மண் சுவாசத்தை, அதாவது மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவை, அளக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் கருத்து இது: புல்லின் போக்கைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மண்ணில் இருக்கும் ஈரமும் நைட்ரஜனும்தான், காற்றில் கூடும் வாயுவும் நாளடைவில் அவ்விரண்டின் வழியாகவே தன் வேலையைக் காட்டுகிறது.

இலையிலிருந்தே தொடங்குகிறேன். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கோதுமை, நெல், குளிர்ப்பகுதிப் புற்களில் பெரும்பாலானவை ஆகியவற்றைச் சி3 தாவரங்கள் என்பார்கள். இவற்றில் வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி, அவ்வப்போது ஆக்சிஜனைத் தவறுதலாகப் பிடித்து உழைப்பை வீணாக்குகிறது. கரியமில வாயு கூடும்போது இந்தத் தவறு குறைகிறது. மக்காச்சோளம், கரும்பு, வெப்பமண்டலப் புற்களில் பல ஆகியவை சி4 வகை. இவை இலைக்குள்ளேயே அந்த வாயுவைச் செறிவூட்டி வைத்துக்கொள்வதால், வெளியே அது கூடினாலும் இவற்றுக்குப் பெரிய ஆதாயம் இல்லை. எனவே வாயு கூடினால் சி3 முந்தும், வெயில் கூடினால் சி4 முந்தும் என்பது வாய்பாடு. நானும் வெகுகாலம் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாய்பாட்டில் விடுபட்டுப்போனது இலைத்துளை. புல்லின் இலையில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்தபின் ஒட்டுநாடாவால் உரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், நீளவாக்கில் வரிசை பிடித்து நிற்கும் இலைத்துளைகளின் அச்சைக் காணலாம். வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியேறுவதும் இதே வாசல் வழியாகத்தான். காற்றில் கரியமில வாயு தாராளமாக இருக்கும்போது புல் இந்த வாசலைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டாலே போதும். வேண்டிய அளவு உள்ளே வந்துவிடும், தண்ணீரும் மிச்சமாகும். மிச்சமான தண்ணீர் மண்ணிலேயே இருப்பதால், மழைக்குப் பின் ஈரம் இன்னும் சில நாள் நீடிக்கிறது. சி3, சி4 என்ற வேறுபாடின்றி எல்லாப் புற்களும் இதைச் செய்கின்றன.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் செயன் நகருக்கு அருகே, வறண்ட புல்வெளி ஒன்றில் இதைச் சோதித்தார்கள். வட்டமாகப் பதித்த குழாய்களின் வழியே வாயுவைச் செலுத்தி அதன் அளவை 600 பங்காக உயர்த்தினார்கள். அகச்சிவப்பு விளக்குகளால் பகலில் 1.5 டிகிரியும் இரவில் 3 டிகிரியும் கூடுதலாகச் சூடேற்றினார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, வெப்பத்தால் மட்டும் உலர்ந்துபோகக்கூடிய மண்ணின் ஈரத்தை, புல் மிச்சப்படுத்திய தண்ணீர் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. இரண்டும் சேர்ந்த நிலையில் முந்திக்கொண்டவை, வாய்பாட்டின்படி வாயுவால் பயன்பெறக்கூடாத சி4 புற்கள்.

இதைவிட என்னை வியக்கவைத்தது மின்னசோட்டாவில் சீடார் கிரீக் என்னும் இடத்தில் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வு. அங்கே வழக்கத்தைவிட 180 பங்கு கூடுதலாக வாயு கொடுத்தார்கள். முதல் 12 ஆண்டுகளில் சி3 புற்களின் உயிர்த்திரள், அதாவது மொத்த எடை, சுமார் 20 விழுக்காடு கூடியது, சி4 புற்கள் அசையவே இல்லை. பாடப்புத்தகம் வென்றது என்று அன்றே கடையைக் கட்டியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த 8 ஆண்டுகளில் நிலை தலைகீழானது: சி4 புற்கள் சுமார் 24 விழுக்காடு கூடின, சி3 புற்களின் ஆதாயம் 2 விழுக்காட்டுக்குச் சுருங்கியது. அதே காலத்தில் மண்ணில் நைட்ரஜன் விடுபடும் வேகம் சி3 பாத்திகளில் குறைந்தும் சி4 பாத்திகளில் கூடியும் வந்திருந்தது. மூன்று ஆண்டுச் சோதனையைக் காட்டி, புல்வெளியின் எதிர்காலம் இதுதான் என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளை நான் ஏன் ஐயத்தோடு படிக்கிறேன் என்பது இப்போது விளங்கும்.

நைட்ரஜன் சிக்கல் எளியது. புல் வேகமாக வளரும்போது மண்ணில் இருக்கும் நைட்ரஜனைத் தன் உடலுக்குள் பூட்டிவைக்கிறது. உதிரும் சருகிலும் கார்பன் மிகுந்து நைட்ரஜன் குறைவதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் கிடைத்த நைட்ரஜனைத் தாமே வைத்துக்கொள்கின்றன. விளைவாக, சில ஆண்டுகளில் புல்லுக்குப் பற்றாக்குறை வருகிறது. வெப்பம் இங்கே எதிர்த்திசையில் இழுக்கிறது: சூடு நுண்ணுயிர்களை முடுக்கிவிட்டு நைட்ரஜனை விடுவிக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், இயற்கைப் புல்வெளி ஒன்றில் வாயுவை 550 பங்காக உயர்த்தியபோது நைட்ரஜன் குறைந்தது. கூடவே 2 டிகிரி சூடேற்றிய பாத்திகளில் அந்தக் குறைவு ஏற்படவில்லை. எவ்வளவு வளர்ந்தது என்பது ஒருபுறமிருக்க, வளர்ந்த புல்லின் தரமும் மாறுகிறது. மாவுச்சத்து கூடி, புரதம் நீர்த்துப்போகிறது. மேயும் மாட்டுக்கு வயிறு நிறையும், சத்து சேராது.

மண்ணின் கதை இன்னும் சிக்கலானது. மண்ணில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பதித்து, அதன்மேல் மூடியைக் கவிழ்த்து, உள்ளே கரியமில வாயு ஏறும் வேகத்தை அளப்போம். வறண்டு கிடந்த மண்ணில் எண் நகரவே நகராது. மூடியைச் சரியாகப் பொருத்தவில்லையோ என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதே வளையத்தில் முதல் மழை விழுந்த சிறிது நேரத்துக்குள் அளந்தால், எண் கண்முன்னே தாவி ஏறும். காத்துக்கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு மட்கைத் தின்னத் தொடங்கியிருக்கும். வெப்பம் கூடும்போது இந்தச் சுவாசமும் வேகமெடுக்கும், ஆனால் ஈரம் இருக்கும்வரைதான். மண் உலர்ந்துவிட்டால் எவ்வளவு சூடும் பயனில்லை.

புல்வெளிகளின் கார்பனில் மிகப் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதால் இது அற்ப விஷயமல்ல. கூடுதல் வாயுவால் வேர்கள் பெருகி மண்ணுக்குக் கார்பன் சேர்க்கின்றன. அதே வேர்களிலிருந்து கசியும் சத்து நுண்ணுயிர்களைத் தூண்டிப் பழைய மட்கையும் கரைக்கச் செய்கிறது. 108 சோதனைகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காடுகளின் மண்ணில் கார்பன் கூடவில்லை, புல்வெளி மண்ணில் சுமார் 8 விழுக்காடு கூடியிருந்தது. இது ஆறுதலான எண்தான். ஆனால் அது வாயு ஒன்றை மட்டும் உயர்த்தினால் கிடைத்த எண்; கூடவே வெப்பமும் ஏறினால் நிற்குமா என்பது மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஓரளவு மழையும் போதிய நைட்ரஜனும் உள்ள இடத்தில் சில காலத்துக்கு நன்மை என்று சொல்லலாம், அதுவும் எந்தப் புல்லுக்கு என்று கேட்டுக்கொண்டு. மழையே பொய்க்கும் ஆண்டுகளில் அப்படிச் சொல்ல முடியாது. வாசலை ஒருக்களித்து மிச்சம் பிடிப்பதற்கு முதலில் மண்ணில் தண்ணீர் இருக்க வேண்டும்.