ஊசி போட்ட தோளுக்கு நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: நான் தையல்காரி. போன வருஷம் ஜனவரியில் காலில் ஆணி ஏறி, தனியார் வைத்தியசாலையொன்றில் ஏற்பு ஊசி போட்டேன். சட்டைக்கை இறுக்கம், சுருட்ட ஏலவில்லை. தாதி கழுத்துப் பக்கத்தால் சட்டையை இழுத்துவிட்டுக் குத்தினார். அன்றிரவே தோளில் நோ. இன்றைக்கும் கொடியில் உடுப்புக் காயப்போடக் கை உயராது. அமெரிக்காவிலுள்ள அண்ணன், "இஞ்ச இதுக்கு அரசாங்கமே காசு குடுக்குது, வழக்குப் போடு" என்கிறார். போடலாமா?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: அண்ணன் சொல்வது பொய்யில்லை, தங்கச்சி. ஆனால் அது அந்த நாட்டுக் கதை. அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த திட்டம் அது. தடுப்பூசிக்கு வரி அறவிட்டு நிதி சேர்க்கிறார்கள். 2017இல் தோள் காயத்தையும் நட்டஈடு கொடுக்கும் காயங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 48 மணித்தியாலத்துக்குள் நோ தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அந்தத் தோளில் முன்பு வருத்தம் இல்லையென்றால், தாதியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. களுவாஞ்சிகுடியில் போட்ட ஊசிக்கு அந்தப் பெட்டி திறக்காது.

இலங்கையில் நமக்குள்ளது ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். கவலையீனத்தையும், அதனால்தான் தோள் கெட்டது என்பதையும் நீங்களே நிறுவவேண்டும். குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, இறந்த பிள்ளையின் தகப்பன் போட்ட வழக்கு 2001இல் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சட்டைக்கை விஷயம்தான் உங்கள் வழக்கின் உயிர். ஊசி போடவேண்டியது தோள் எலும்பு நுனிக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதையில். கழுத்தால் இழுத்தால் மேற்பகுதிதான் வெளியே தெரியும். மேலே குத்தினால் மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் மருந்து இறங்கி, உள்ளே அழற்சி எடுக்கும். அந்தச் சட்டையைத் துவைத்துப் பத்திரமாக வையுங்கள். எலும்பு வைத்திய நிபுணரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து, அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது. நாற்பது வருஷம் மட்டக்களப்புக் கோட்டில் நின்றவன் நான்; துண்டில்லாமல் தோற்ற நல்ல வழக்குகளை எண்ணிமுடியாது.

பயிற்சிச் சிகிச்சையை விடவேண்டாம். விட்டால், "கை வராதது உன் குற்றம்" என்பார்கள்.

இப்படியான வழக்குக்குக் கெடு இரண்டு வருஷம். வருகிற ஜனவரியோடு கதவு சாத்தும். அதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, வழக்கையும் போட்டுவிடுங்கள்; கடிதம் மட்டும் கெடுவை நிறுத்தாது. போகும்போது பழைய ஓடர் கொப்பிகளையும் கொண்டுபோங்கள். முந்தின தீபாவளிக்கு எத்தனை சட்டை தைத்தீர்கள், போன தீபாவளிக்கு எத்தனை என்று அவர் கேட்பார்.